வைஃபை சர்டிஃபிகேட்டும் நான் ஒட்டிய ஒரு பேப்பரும்

இந்த எபிசோடில் காலேஜ் வைஃபை பற்றிப் பேசப் போறோம். குறிப்பா, நம்ம பேரையும் பாஸ்வேர்டையும் சரிபார்க்கிற சர்வரில் இருக்கிற சர்டிஃபிகேட் பற்றி. கேட்கும்போது ரொம்ப ட்ரையான சப்ஜெக்ட் மாதிரி இருக்கும். எனக்கு இதில் ஒரு பழைய பாக்கி இருக்கு. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் சித்தி பையன் போன வருஷம் இன்ஜினியரிங் சேர்ந்தான். நான் படிச்ச அதே காலேஜ். ஹாஸ்டலுக்குப் போன ரெண்டாவது நாள் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபோட்டோ அனுப்பினான், கூடவே ஒரு வாய்ஸ் நோட். "அண்ணா, வைஃபை கனெக்ட் ஆக மாட்டேங்குது. செவுத்துல ஒட்டியிருக்கிற பேப்பர்ல 'டூ நாட் வேலிடேட்' செலக்ட் பண்ணச் சொல்லியிருக்கு. என் ஃபோன்ல அந்த ஆப்ஷனே இல்லண்ணா."

ஃபோட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து மங்கிப்போன பேப்பர். மூணாவது வரியில் 'செக்யூரிட்டி' என்ற வார்த்தையில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அந்தத் தப்பை எனக்கு நல்லாத் தெரியும். 2018-ல் அதை டைப் பண்ணி, ஹாஸ்டலின் ஒவ்வொரு மாடியிலும் ஒட்டினவன் நான்தான்.

அன்னைக்கு எல்லாரும் எனக்கு நன்றி சொன்னாங்க. அந்த பேப்பர் உண்மையில் என்ன சொல்லிக்கொடுத்தது என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு.

கேட்டில் நிற்கிற வாட்ச்மேன்

முதலில் அடிப்படை. வீட்டு வைஃபையில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட். காலேஜில், ஆஃபீஸில் அப்படி இல்ல. ஒவ்வொருத்தருக்கும் தனி யூசர்நேம், தனி பாஸ்வேர்ட். இதுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்டாண்டர்டுக்குப் பேரு 802.1எக்ஸ்.

இதில் மூணு பேர் இருக்காங்க. ஒண்ணு உங்க ஃபோன். ரெண்டாவது, கூரையில் மாட்டியிருக்கிற ஆக்சஸ் பாயின்ட். மூணாவது, எங்கேயோ சர்வர் ரூமில் இருக்கிற ரேடியஸ் சர்வர்.

ஹாஸ்டல் கேட்டை நினைச்சுக்கோங்க. வாட்ச்மேன் யாரையும் உள்ளே விடுறதா வேண்டாமான்னு தானா முடிவு பண்றதில்ல. நீங்க கொடுக்கிற கவரை வாங்கி உள்ளே வார்டனிடம் கொடுப்பார். வார்டன் "விடு" என்றால் கேட் திறக்கும். ஆக்சஸ் பாயின்ட் தான் வாட்ச்மேன், ரேடியஸ் சர்வர் தான் வார்டன். வாட்ச்மேன் கவரைப் பிரிச்சுப் படிக்கக் கூடாது என்பதற்காக, ஃபோனும் ரேடியஸ் சர்வரும் தங்களுக்குள் ஒரு டிஎல்எஸ் டனல் போட்டுக்கும். பாஸ்வேர்ட் சம்பந்தப்பட்ட பேச்சு எல்லாம் அந்த டனலுக்குள்ளே நடக்கும். நம்ம ஊரில் அதிகமா இருக்கிற முறை பீப். இதில் டனலுக்கு உள்ளே எம்எஸ்-சாப் வெர்ஷன் 2 என்ற முறையில் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பாங்க.

டனல் போடும்போது சர்வர் தன்னோட சர்டிஃபிகேட்டைக் காட்டும். "நான்தான் உண்மையான வார்டன், இதோ என் ஐடி கார்டு" என்று சொல்ற மாதிரி. ஃபோன் அந்த ஐடி கார்டைப் பார்த்து நம்பினால்தான் டனல் அமையணும்.

இந்த ஏற்பாட்டின் மேலேதான் எட்யுரோம் நிற்குது. 2002-ல் நெதர்லாந்தின் சர்ஃப்நெட்டில் இருந்த கிளாஸ் வீரெங்கா முன்வைத்த யோசனை அது. இன்னைக்கு 100-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் இருக்கு. இந்தியாவில் எர்நெட் இந்தியா நடத்துது. உங்க காலேஜ் ஐடியை வச்சு வேற ஊர், வேற நாட்டு யுனிவர்சிட்டியில் வைஃபை போடலாம். ஐடியில் '@' குறிக்குப் பின்னாடி வர்ற பேரைப் பார்த்து, அந்த ஊர் சர்வர் உங்க கோரிக்கையை உங்க காலேஜுக்கு அனுப்பும். நடுவில் எத்தனையோ சர்வர்கள் கைமாத்தும். அவங்க யாரும் உங்க பாஸ்வேர்டைப் பார்க்க முடியாததுக்கு ஒரே காரணம் அந்த டனல். அந்த டனலுக்கு ஒரே ஆதாரம் அந்த சர்டிஃபிகேட்.

வைஃபைக்கு அட்ரஸ் பார் கிடையாது

"சர்டிஃபிகேட் தானே, வெப்சைட்டில் இருக்கிற மாதிரி தானே?" என்று நிறைய பேர் கேட்பாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு.

பேங்க் சைட்டுக்குப் போறீங்க. அட்ரஸ் பாரில் பேங்கோட பேரை டைப் பண்றீங்க. பிரவுசர் அந்தப் பேரையும், சர்டிஃபிகேட்டில் இருக்கிற பேரையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தலைன்னா சிவப்பு எச்சரிக்கை. வைஃபையில் நீங்க எதையும் டைப் பண்றதில்ல. ஃபோனுக்குத் தெரிஞ்சது நெட்வொர்க்கோட பேர் மட்டும்தான். அந்தப் பேரை யார் வேணும்னாலும் வச்சுக்கலாம், டீக்கடை ரௌட்டர்கூட. அந்தப் பேருக்கும் சர்டிஃபிகேட்டில் இருக்கிற சர்வர் பேருக்கும் சம்பந்தமே இல்ல.

அதனால ஃபோனுக்கு முன்கூட்டியே ரெண்டு விஷயம் சொல்லி வச்சிருக்கணும். ஒண்ணு, எந்த சர்டிஃபிகேட் அத்தாரிட்டி, சுருக்கமா சிஏ, கையெழுத்துப் போட்டிருந்தா நம்பலாம். ரெண்டு, சர்வரோட பேர் என்னவா இருக்கணும். ரெண்டில் ஒண்ணு விட்டுப்போனாலும் ஓட்டைதான். சிஏவை மட்டும் சொல்லி, பேரைச் சொல்லாம விட்டா, அதே சிஏவிடம் சொந்த டொமைனுக்கு சர்டிஃபிகேட் வாங்கின யாரும் உங்க வார்டனா நடிக்கலாம்.

இன்னொரு சிக்கல். அந்த நேரத்தில் ஃபோனுக்கு இன்னும் இன்டர்நெட்டே கிடைக்கல. கேட்டுக்கு வெளியே தான் நிற்குது. அதனால "இந்த சர்டிஃபிகேட்டை ரத்து பண்ணிட்டாங்களா?" என்று வைஃபை வழியா வெளியே கேட்டுப் பார்க்க முடியாது. நடுவில் இருக்கிற இன்டர்மீடியட் சர்டிஃபிகேட் இல்லைன்னா டவுன்லோட் பண்ணிக்கவும் முடியாது. கையில் இருக்கிறதை வச்சுத்தான் ஃபோன் முடிவெடுக்கணும்.

'டூ நாட் வேலிடேட்' என்றால், அந்த முடிவையே எடுக்காதேன்னு அர்த்தம். வார்டன்னு யார் சொன்னாலும் கவரைக் கொடுத்துடு. என் பேப்பர் ஏழு வருஷமா சொல்லிட்டிருந்தது இதைத்தான்.

ஒரு சனிக்கிழமை, காலி செமினார் ஹால்

ஃபோட்டோ வந்த அன்னைக்கே காலேஜ் சிஸ்டம் அட்மின் சாருக்குப் ஃபோன் பண்ணேன். என்னை ஞாபகம் வச்சிருந்தார். "சார், அந்த பேப்பரைக் கிழிச்சுடலாமா?" என்றேன். சிரிச்சார். "நீ ஒட்டினதுதானே தம்பி. நீயே வந்து கிழி."

அந்த சனிக்கிழமை போனேன். சார் அனுமதியோட, யாரும் இல்லாத செமினார் ஹாலில், அவர் ஃபோனை மட்டும் வச்சு ஒரு சோதனை பண்ணோம். என் பழைய லேப்டாப்பில் காலேஜ் வைஃபை பேரிலேயே ஒரு ஆக்சஸ் பாயின்ட், பின்னாடி நான் அஞ்சு நிமிஷத்தில் உருவாக்கின ஒரு போலி சர்டிஃபிகேட். சார் ஃபோன் பழைய மாடல். 'டூ நாட் வேலிடேட்' போட்டு வச்சிருந்தது.

அவர் ஃபோனைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்ல. தெரிஞ்ச பேர்னு அதுவே வந்து ஒட்டிக்கிச்சு. என் ஸ்க்ரீனில் அவர் யூசர்நேம், கீழே புரியாத எழுத்துகளில் ரெண்டு வரி.

"இது பாஸ்வேர்ட் இல்லையே?" என்றார்.

நேரடியா இல்ல. எம்எஸ்-சாப் முறையில் பாஸ்வேர்ட் அப்படியே போகாது. சர்வர் ஒரு கேள்வி எண் கொடுக்கும், ஃபோன் பாஸ்வேர்டை வச்சு அதுக்கு ஒரு பதில் கணக்குப் போட்டு அனுப்பும். ஆனா அந்தப் பதில் கையில் கிடைச்சா, பாஸ்வேர்டை உட்கார்ந்து யூகிச்சுப் பார்க்கலாம். ஒவ்வொரு யூகத்துக்கும் அதே கணக்கைப் போட்டு, பதில் பொருந்துதான்னு பார்க்கிறதுதான் வேலை. காலேஜ் நெட்வொர்க்குக்குத் தெரியாது, தப்பான முயற்சின்னு அக்கவுன்ட் லாக் ஆகாது. அதோட, 2012-ல் டெஃப்கான் மாநாட்டில் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் ஒரு விஷயத்தைக் காட்டினாங்க. பாஸ்வேர்ட் எவ்வளவு கஷ்டமானதா இருந்தாலும் சரி, இந்த முறையை உடைக்கிற வேலை ஒரே ஒரு பழைய 56 பிட் டெஸ் சாவியைத் தேடுறதுக்குச் சமம். அதுக்குன்னு செஞ்ச மெஷினில் ஒரு நாளுக்குள் முடிஞ்சிடும்.

நம்ம காலேஜ்களுக்கு அந்த மெஷின்கூடத் தேவையில்ல. சார் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு சொன்னார்: "பசங்களுக்கு நாம கொடுக்கிற டிஃபால்ட் பாஸ்வேர்டே பிறந்த தேதிதான்பா."

கணக்குப் போட்டுப் பாருங்க. 30 வருஷத்தில் இருக்கிற எல்லாத் தேதியும் சேர்த்து கிட்டத்தட்ட 11,000. ஒரு சாதாரண லேப்டாப் அத்தனையையும் யூகிக்க ஒரு நொடி அதிகம். அதே பாஸ்வேர்ட்தான் மார்க் போர்ட்டலுக்கும், காலேஜ் மெயிலுக்கும், ஹாஸ்டல் லீவ் அப்ளிகேஷனுக்கும். கேன்டீனில் பையோட உட்கார்ந்திருக்கிற ஒருத்தன், மதியச் சாப்பாடு முடியறதுக்குள் பக்கத்து டேபிள் பொண்ணோட மெயிலைத் திறந்திருக்கலாம். அப்படி நடந்ததான்னு எங்களால் சொல்ல முடியாது. நடந்திருந்தா பாஸ்வேர்ட் திருட்டு எந்த லாகிலும் பதிவாகியிருக்காது.

சார் முதல் வேலையா எழுந்து போய் தன் பாஸ்வேர்டை மாத்தினார்.

அந்த பேப்பர் ஏன் வந்தது

இப்போ 2018-க்குப் போகலாம். அன்னைக்கு எக்ஸாம் ஃபீஸ் கட்டக் கடைசி நாள். காலையில் ஹாஸ்டல் முழுக்க வைஃபை இல்ல. காரணம், ரேடியஸ் சர்வரோட சர்டிஃபிகேட் நள்ளிரவில் காலாவதியாகியிருந்தது. ஒரு வருஷம் முன்னாடி அதை வாங்கினவர் வேலையை விட்டுப் போயிட்டார். ரினீவல் நினைவூட்டல் மெயில் எல்லாம் அவரோட மெயில்பாக்ஸுக்கே போயிட்டிருந்தது.

அவசரத்தில் என்ன பண்ணோம்னா, ஃப்ரீரேடியஸோட கூடவே வர்ற டெஸ்ட் ஸ்கிரிப்டை ஓட்டி, புதுசா ஒரு சிஏவும் ஒரு சர்டிஃபிகேட்டும் உருவாக்கினோம். "இது சோதனைக்கு மட்டும்" என்று அந்த ஃபோல்டரிலேயே எழுதியிருக்கும். யார் படிச்சா? சர்வர் ஓடுச்சு. ஆனா பழைய சிஏவை நம்பி வச்சிருந்த அத்தனை ஃபோனும் புது சர்டிஃபிகேட்டை மறுத்தது. உண்மையில் அந்த ஃபோன்கள் சரியாத்தான் நடந்துக்கிட்டாங்க. நாங்கதான் அதுகளோட வாயை அடைச்சோம். வாலண்டியரா இருந்த நான் பேப்பர் அடிச்சேன்.

இதில் ஒரு கூத்து. அந்த டெஸ்ட் ஸ்கிரிப்ட் கொடுக்கிற சர்டிஃபிகேட்டின் ஆயுள் 60 நாள். ரெண்டு மாசத்தில் அதுவும் காலாவதி ஆச்சு. இந்தத் தடவை யாருமே கவனிக்கல. யாரும் சரிபார்க்கலையே, எப்படித் தெரியும்? "அதுக்கப்புறம் வைஃபை ப்ராப்ளமே வரல" என்று நாங்க பெருமையாச் சொல்லிட்டிருந்தோம்.

கடைசியில் அதைக் கண்டுபிடிச்சது ஆண்ட்ராய்டுதான். 2020 டிசம்பரில் ஆண்ட்ராய்டு 11-க்கு வந்த அப்டேட்டில், பிக்சல் ஃபோன்களில் 'டூ நாட் வேலிடேட்' ஆப்ஷனையே கூகுள் எடுத்துட்டாங்க. சிஏவையும் டொமைன் பேரையும் சொல்லியே ஆகணும். அப்புறம் ஆண்ட்ராய்டு 13-ல் 'முதல் தடவை நம்பு' என்ற முறை வந்தது. முதல் கனெக்ஷனில் சர்டிஃபிகேட்டைக் காட்டி "நம்பலாமா?" என்று கேட்கும், அப்புறம் அதையே பிடிச்சுக்கும். முன்னை விட நல்லது. ஆனா அந்த முதல் சந்திப்பே போலியோட நடந்தா என்ன செய்வது? ஐஃபோனில் வர்ற 'ட்ரஸ்ட்' பட்டனுக்கும் இதே கேள்விதான்.

காசு கொடுத்த சிஏவா, சொந்த சிஏவா

புதுசா செய்யணும்னு முடிவாச்சு. சாரோட முதல் கேள்வி: "வெப்சைட்டுக்கு வாங்கற இடத்திலேயே ஒண்ணு வாங்கிடலாமா?"

வாங்கலாம், தப்பில்ல. ஆனா ரெண்டு விஷயம் யோசிக்கணும். முதல் விஷயம், ஆயுள். பொது சிஏக்கள் கொடுக்கிற சர்வர் சர்டிஃபிகேட்டின் உச்சபட்ச ஆயுள் 2020 செப்டம்பரிலிருந்து 398 நாளா இருந்தது. சிஏ-பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவுப்படி, 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். வெப்சைட்டுக்கு இது பிரச்சினை இல்ல, எல்லாம் ஆட்டோமேஷன். வைஃபையில் ஒவ்வொரு மாற்றமும் ஆயிரக்கணக்கான ஃபோன்களில் "இது யாரு புதுசா?" என்ற கேள்வியைக் கிளப்பக்கூடும். கையில் செட் பண்ணின ஐஃபோன் சர்டிஃபிகேட் மாறினதும் திரும்ப ட்ரஸ்ட் கேட்கும். வருஷத்துக்கு ஏழெட்டு தடவை ட்ரஸ்ட் கேட்டா, பசங்க பார்க்காமலே அழுத்தப் பழகிடுவாங்க. அப்புறம் போலி வந்தாலும் அழுத்துவாங்க.

ரெண்டாவது விஷயம், அந்த ரூட்டும் நம்ம கையில் இல்ல. 2020 மே 30 அன்னைக்கு ஆட்ட்ரஸ்ட் என்ற ஒரு பழைய ரூட் 20 வருஷ ஆயுள் முடிஞ்சு காலாவதி ஆச்சு. அதை நம்பி ஓடின எத்தனையோ சர்வர்கள் அன்னைக்கு முழிச்சது. சிஏ கம்பெனி தன் வசதிக்கு ரூட்டையோ இன்டர்மீடியட்டையோ மாத்தும். நம்ம ஹாஸ்டல் ஃபோன்களைக் கேட்டுட்டு மாத்தாது.

சொந்த சிஏ என்றால் ரூட்டை 20 வருஷத்துக்குப் போடலாம். சர்வர் சர்டிஃபிகேட்டை நாமே, நமக்கு வசதியான தேதியில் புதுப்பிக்கலாம். அதே ரூட், அதே பேர் என்பதால் சரியா செட் பண்ணின ஃபோன்களுக்கு வித்தியாசமே தெரியாது.

சார் கேட்டார்: "அப்போ எல்லா ஃபோனிலும் நம்ம ரூட்டைப் போடணுமே?" ஆமா, போடணும். ஆனா யோசிச்சுப் பாருங்க, பொது சிஏவா இருந்தாலும் சர்வர் பேரை ஒவ்வொரு ஃபோனிலும் சொல்லித்தானே ஆகணும்? கையால் டைப் பண்ணச் சொன்னா பாதிப் பேர் தப்பா டைப் பண்ணுவாங்க. எப்படியும் ஒரு இன்ஸ்டாலர் வேணும். எட்யுரோமில் இருக்கிற காலேஜுக்கு இது இலவசமாவே இருக்கு. எட்யுரோம் கேட் என்ற கருவியும், கெட்எட்யுரோம் என்ற ஆப்பும். மாணவர் காலேஜைத் தேர்ந்தெடுத்து லாகின் பண்ணா, ரூட், சர்வர் பேர் எல்லாம் அதுவே செட் பண்ணிடும். எட்யுரோம் இல்லாத காலேஜ், ஐஃபோனுக்கு ஒரு கான்ஃபிகரேஷன் ப்ரொஃபைல், விண்டோஸுக்கு எக்ஸ்போர்ட் பண்ணின வைஃபை ப்ரொஃபைல் என்று தானே செய்துக்கலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சொந்த ரூட்டோட பிரைவேட் கீ உங்க காலேஜ் பீரோ சாவி மாதிரி. விண்டோஸில் ஒரு ரூட்டை நம்பச் சொன்னா, வெப்சைட்டுக்கும் அதை நம்பும். அந்தக் கீ திருடு போனா பாதிப்பு வைஃபையோட நிற்காது. நாங்க நெட்வொர்க்கில் இணைக்காத ஒரு லேப்டாப்பில் உருவாக்கி, ரெண்டு பென்டிரைவில் போட்டு, ரெண்டு தனி இடத்தில் பூட்டி வச்சோம். ரேடியஸ் சர்வரில் ரூட் கீ இருக்கவே கூடாது.

சர்டிஃபிகேட் செய்யும்போது

நாங்க கடைப்பிடிச்ச விதிகளைக் காரணத்தோட சொல்றேன்.

சர்வர் பேரா மெஷின் பேரை வைக்காதீங்க. ரேடியஸ் டாட் காலேஜ் பேர் டாட் ஏசி டாட் இன் மாதிரி, சேவைக்கு ஒரு பேர் வைங்க. மெஷின் மாறலாம், பேர் மாறக் கூடாது. ரெண்டு ரேடியஸ் சர்வர் இருந்தா ரெண்டிலும் ஒரே சர்டிஃபிகேட் போடலாம். ஃபோனுக்கு ரெண்டும் ஒரே ஆள் மாதிரி தெரியும்.

அந்தப் பேர் காமன் நேமிலும் இருக்கணும், சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேமிலும் இருக்கணும். சில ஃபோன் ஒண்ணைப் பார்க்கும், சிலது இன்னொண்ணை. நட்சத்திரம் போட்ட வைல்ட்கார்ட் சர்டிஃபிகேட் வேண்டாம், விண்டோஸ் தகராறு பண்ணும்.

'சர்வர் ஆத்தென்டிகேஷன்' என்ற உபயோகக் குறிப்பு கட்டாயம். இல்லைன்னா விண்டோஸ் ஒரு காரணமும் சொல்லாமல் மறுக்கும்.

சொந்த சிஏ தானேன்னு சர்வர் சர்டிஃபிகேட்டுக்குப் பத்து வருஷம் போடாதீங்க. 2019-ல் ஐஓஎஸ் 13-ஓட வந்த ஆப்பிள் விதிப்படி சர்வர் சர்டிஃபிகேட்டின் ஆயுள் 825 நாளைத் தாண்டக் கூடாது. நாங்க ரெண்டு வருஷம் போட்டோம். இன்டர்மீடியட் இருந்தா சர்வர் அதையும் சேர்த்தே அனுப்பணும். ஃபோனால் தேடிப் போக முடியாதுன்னு முன்னாடியே சொன்னேன்.

மறக்காமல் இருக்க ஒரு ஏற்பாடு

2018-ல் தோத்தது டெக்னாலஜி இல்ல, ஒரு மெயில்பாக்ஸ். அதனால நினைவூட்டல் ஒரு ஆளுக்குப் போகக் கூடாது, குழு மெயிலுக்குப் போகணும். நாங்க 90, 60, 30 நாளுக்கு முன்னாடி என்று வச்சோம். கூடவே சாரோட அறையில் இருக்கிற காலண்டரிலும் சிவப்பு மையில் எழுதினோம். காலண்டர் வேலையை விட்டுப் போகாது.

உங்ககிட்ட வெப்சைட் சர்டிஃபிகேட் மானிட்டர் இருந்தா, அது இதைப் பார்க்காது. ரேடியஸ் சர்டிஃபிகேட் வெப் போர்ட்டில் தெரியாது, வைஃபை லாகின் பேச்சுக்கு உள்ளே மட்டும்தான் வரும். ஈஏபிஓஎல் டெஸ்ட் என்ற சின்னக் கருவி ஒரு ஃபோன் மாதிரி நடிச்சு லாகின் பண்ணிப் பார்க்கும். ஒரு டெஸ்ட் அக்கவுன்ட்டை வச்சு தினமும் ஓட்டினா, சர்வர் உண்மையில் எந்த சர்டிஃபிகேட்டைக் காட்டுதுன்னு தெரியும். ஏன் 'உண்மையில்' என்கிறேன்னா, புது ஃபைலைக் காப்பி பண்ணிட்டு சர்வரை ரீஸ்டார்ட் பண்ண மறந்தா, பழசுதான் மெமரியில் ஓடிட்டிருக்கும். ஃபோல்டரில் தேதி சரியா இருக்கும், ஃபோனில் வைஃபை இருக்காது.

மாத்துறதை செமஸ்டர் லீவில் செய்ங்க. ஒரு ஆண்ட்ராய்டு, ஒரு ஐஃபோன், ஒரு விண்டோஸ் கையில் வச்சுக்கிட்டு, முதலில் ஒரு சர்வரில்.

ரூட் முடியற காலம் வரும்போது அவசரப்பட முடியாது. ஒரு பேட்ச் உள்ளே வந்து வெளியே போக 4 வருஷம். ரூட் முடிய அஞ்சு வருஷம் இருக்கும்போதே புது ரூட்டை உருவாக்கி, இன்ஸ்டாலரில் பழசோட சேர்த்துப் போட்டுடணும். அப்போ மாத்துற நாளில் எல்லா ஃபோனும் ஏற்கெனவே ரெண்டையும் நம்பும்.

கடைசியா ஒரு யோசனை. இதெல்லாம் பாஸ்வேர்ட் இருக்கிற வரைக்கும். ஈஏபி-டிஎல்எஸ் என்ற முறையில் மாணவரோட ஃபோனுக்கும் ஒரு சர்டிஃபிகேட் கொடுப்பாங்க. அனுப்ப பாஸ்வேர்டே இல்லாததால் திருட பாஸ்வேர்டும் இல்ல. எங்க காலேஜ் இன்னும் அங்கே போகல. இப்போதைக்கு வைஃபை பாஸ்வேர்டை மார்க் போர்ட்டல் பாஸ்வேர்டிலிருந்து பிரிச்சிருக்காங்க. பிறந்த தேதி டிஃபால்ட்டும் போயிடுச்சு.

புது பேப்பர்

ஒரே நாளில் மாத்தல. புது சர்டிஃபிகேட்டோட ஒரு புது நெட்வொர்க் பேரை ஒரு மாசம் பழசோட சேர்த்து ஓட்டினோம். ஃப்ளோர் ஃப்ளோரா மாறினாங்க. ஹெல்ப் டெஸ்க்குக்கு வந்த ஒரே விசித்திரக் கேஸ் ஹாஸ்டல் வார்டன் லேப்டாப். எவ்வளவு முயன்றாலும் மறுத்தது. பார்த்தா உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்து, தேதி 2010-ல் நின்னிருந்தது. அந்த லேப்டாப்பைப் பொறுத்தவரை எங்க சர்டிஃபிகேட் இன்னும் பிறக்கவே இல்ல. தேதியைச் சரி பண்ணினதும் கனெக்ட் ஆச்சு.

பழைய நெட்வொர்க்கை நிறுத்தின அன்னைக்கு, அதே செமினார் ஹாலில், அதே போலி ஆக்சஸ் பாயின்ட்டைப் புதுப் பேரில் போட்டேன். தம்பி ஃபோனை டேபிளில் வச்சோம். ரெண்டு நிமிஷம் பார்த்தோம். என் ஸ்க்ரீனில் வெளி அடையாளம் ஒண்ணு வந்தது, அதுக்கு மேல ஒண்ணும் வரல. டனல் போட மறுத்துடுச்சு. "அவ்வளவுதானாண்ணா?" என்றான். அவ்வளவுதான்டா.

பழைய பேப்பரை நானே கிழிச்சேன், நாலாவது மாடி வரைக்கும். புது பேப்பரில் ஒரு க்யூஆர் கோடு, கீழே ஒரே ஒரு வரி: 'ஃபோன் சர்டிஃபிகேட் பற்றிக் கேள்வி கேட்டால் அழுத்தாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள்.' இந்தத் தடவை எழுத்துப்பிழை இருக்கான்னு தம்பிகிட்ட காட்டிட்டுத்தான் ஒட்டினேன்.

நீங்க இப்போ ஒரு வேலை பண்ணுங்க. உங்க ஃபோனில் காலேஜ் அல்லது ஆஃபீஸ் வைஃபை செட்டிங்ஸைத் திறந்து, சிஏ சர்டிஃபிகேட் என்ற இடத்தில் என்ன இருக்கு, டொமைன் என்ற இடத்தில் என்ன இருக்குன்னு பாருங்க. 'டூ நாட் வேலிடேட்' என்று இருந்தா, முதலில் அந்த நெட்வொர்க்கை ஃபோனிலிருந்து நீக்கிட்டு, பாஸ்வேர்டை மாத்திட்டு, உங்க அட்மின் சார்கிட்டயோ மேடம்கிட்டயோ போய்ப் பேசுங்க. சண்டை போட வேண்டாம். அவங்களுக்கும் ஒரு பழைய பேப்பர் இருக்கலாம்.